தோணியைக் காப்பாற்றப் போய்

குறும்படங்களில் நடித்த விதுர்ஷா பாட்டுக்காரியாகி, தன் முதல் ஆட்டப்பாட்டைப் படம்பிடிக்க எங்கள் வாவிக்கு வந்தாள். என் தோணியைக் கேட்டாள். யாரையும் நம்பாத பிறவி நான்.

“நானும் ஏறுவன். நீங்க உடைச்சிப் போட்டா நான் எதில மீனுக்குப் போற?”

“சரி அப்பு, பின்னால குந்தி இரிங்க.”

பாட்டு ஒலித்ததும் அவள் துள்ளினாள். தோணி சரிந்தது. கவிழ்ந்துவிடுமென்று நான் எழுந்து, அவள் சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக இடுப்பை வெட்டி வெட்டி அதை நிமிர்த்தினேன்.

பாட்டு வெளியானபோது அதில் அவளைவிட என் இடுப்புத்தான் அதிகம் ஆடியது. மீன் வாங்க வருகிறவர்கள்கூட மீனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மனைவி கேதீஸ்வரி கைப்பேசியோடு வந்தாள். “மகள்ட கலியாணத்தில ஆடச் சொன்னா முழங்கால் நோகுது எண்டீங்க.”

“தோணியைக் காப்பாத்தினன்டி!”

“அந்தப் பாட்டுக்காரப் பிள்ளை போனில கோல் எடுத்தவ. அடுத்த பாட்டுக்குத் தோணி வேணாமாம். உங்களை மட்டும் வரட்டாம்.”