கறுப்புக் குழாய்

தூத்துக்குடிக் காற்றில் உப்பு ஊறிக் கிடக்கும். மூடிய ஜன்னலையும் தாண்டி வரும். வீட்டிலுள்ள உலோகத்தையெல்லாம் நக்கிப் பார்க்கும்.

வாடகை வீட்டில் அது குழாய்களைத் தின்றிருந்தது. குரோம் பூச்சு உரிந்து, பச்சை பூத்து, தொட்டால் சொரசொரத்தது. சொந்த வீடு கட்டியபோது அதனால்தான் ஜெசிந்தா கடை கடையாய் ஏறி இறங்கினாள். வெள்ளி மினுக்கம் வேண்டாம். பித்தளை வேண்டாம். கடைசியில் கறுப்பில் மனம் நின்றது. மினுங்காத கறுப்பு.

அவள் கணவன் அமலதாஸ் அதை விரலால் தடவிப் பார்த்தான். “ஒனக்குப் பிடிச்சா சரிதான்” என்றான்.

கறுப்புக் குழாய். வாஷ்பேசினைச் சுற்றிச் சாம்பல் நிற டைல்ஸ். மேலே கண்ணாடி. ஆசிட் கூடாது, நார் கூடாது, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

ஜெசிந்தா துடைத்தாள். காலையில் துடைத்தாள். உலை கொதிக்கையில் எழுந்து போய்த் துடைத்தாள். ஒரு துளி காய்ந்தாலும் வெள்ளைப் பொட்டாய் நின்றது. அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

குழாயைவிட, அதைச் சுற்றிய சுவர்தான் அவளைப் படுத்தியது. விரல் தடங்கள். கண்ணாடியிலும் தடங்கள். “செவுத்த ஏங்க இப்படித் தடவி வைக்கிறீங்க?” என்பாள். அவன் சிரித்து வைப்பான். அவள் துடைப்பாள். மறுநாளும் தடம்.

ஐப்பசி பிறந்தது. விடாத மழை. மதியமே இருட்டிக் கிடந்தது. கரண்ட் இல்லை. பள்ளிக்கு விடுமுறை. அமலதாஸ் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேன் வாசலில் நனைந்து நின்றது.

மீன்குழம்புக் கையைக் கழுவ அவன் எழுந்து போனான். துணியோடு அவளும் பின்னால் போனாள். அவள் வந்தது அவனுக்குத் தெரியவில்லை.

அவன் கை சுவரில் ஊர்ந்தது. கண்ணாடியில் முட்டியது. இறங்கியது. தேடியது. குழாய் ஒரு சாண் தள்ளி, அப்படியே இருந்தது.

“எப்ப இருந்து இப்படி?” என்றாள்.

அவன் திரும்பவில்லை. “ஓரமெல்லாம் இருட்டிட்டு வருது, ஜெசி. வெளிச்சம் கொறஞ்சா ஒண்ணும் புடிபடல. பகல்ல ஓட்டிருவேன்.”

“வேன்ல பிள்ளைகள்லா இருக்கு.”

மழை பெய்தது. அவன் கை குழாயைக் கண்டுபிடித்துத் திறந்தது.

“ஓட்டலன்னா நான் என்ன செய்வேன்?”

அவள் துணியை அவன் கையில் கொடுத்தாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து வேன் சாவியை எடுத்தான். அவள் கையைத் தேடி, அதில் வைத்தான்.

“கண் நரம்பு பாதிச்சிருக்கு. போன பார்வை வராது” என்றார் டாக்டர். “இருக்கறதக் காப்பாத்தலாம். சொட்டு மருந்த மட்டும் விட்டுராதீங்க.”

ஜெசிந்தா கறுப்புக் குழாயைக் கழற்றச் சொன்னாள். மங்கல் வெளிச்சத்திலும் பளபளக்கும் குரோம் குழாய் வந்தது. உப்பு தின்றால் தின்னட்டும்.

மழை விட்ட ஒரு காலையில் வேன் கிளம்பியது. ஓட்டியது அவன் நண்பன். தெருமுனையில் ஹாரன் கேட்டது. அமலதாஸ் எழுந்தான். உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான்.

ஜெசிந்தா அவனை உட்கார வைத்து முகத்தை நிமிர்த்தினாள். “அசையாதீங்க.” முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது. அடுத்தது கண்ணுக்குள்.

“எரியுதா?”

“எரியுது” என்றான். “இருக்கட்டும். அடுத்த கண்ணுலயும் விடு.”