இருக்க முடியாது

"தலைய என் பக்கம் குடுங்க பாய். மெதுவா... கால் இடிக்குது பாருங்க" என்றாள் பொன்மலர்.

டாக்சியின் பின் இருக்கையில் அவள் முதலில் ஏறி உட்கார்ந்து மடியை விரித்து வைத்திருந்தாள். டிரைவர் நயீம் அகமதும் ஆஸ்பத்திரி ஆள் ஒருவரும் அவளுடைய அப்பா ஜெபராஜை ஸ்ட்ரெச்சரிலிருந்து தூக்கி உள்ளே விட்டார்கள். அம்பாசடர் வண்டிதான். ஆனாலும் அப்பா அதைவிட நீளமாக இருந்தார். முழங்காலை மடக்கி வைத்துத்தான் கதவைச் சாத்த முடிந்தது.

இளம் டாக்டர் ஒருவர் வாசல்வரை வந்தார். வர வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ஜன்னலில் குனிந்து, "ஹி காண்ட் பி இன் பெய்ன்" என்றார். வலி இருக்க முடியாது. இரண்டாவது தடவை மூளையில் ரத்தம் கசிந்த பிறகு அப்பா யாரையும் பார்க்கவில்லை, பேசவில்லை. அதை வைத்துச் சொன்னார்.

"தேங்க்யூ டாக்டர்" என்றாள் பொன்மலர். வலி இல்லை என்று அவர் சொல்லவில்லை, இருக்க முடியாது என்றுதான் சொன்னார். ஆம்பூரில் பெண்கள் பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு அது காதில் விழாமல் போகுமா? விழுந்தது. ஆனாலும் அதுவே போதுமானதாக இருந்தது.

வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னது அப்பாதான். பேச்சு குழறலாகவாவது வந்துகொண்டிருந்த நாளில், அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "போதகர் ஐயாவ வரச் சொல்லு மலரு. எடுத்துக்கிறேன்."

எதை என்று அவள் கேட்கவில்லை. பல வருஷமாக அவர் எடுத்துக்கொள்ளாதது ஒன்றுதான். அப்பா வேலை பார்த்த தோல் பதனிடும் ஷாப்பில் ஸ்டிரைக் நடந்த சமயம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்த இடத்தில், டைம் ஆபீஸ் கிளார்க் ஞானமுத்துவைக் கன்னத்தில் அறைந்துவிட்டார் அப்பா. ஞானமுத்து சபைக்கு மூப்பரும்கூட. சபை முன்னால் மன்னிப்புக் கேட்கும்வரை திருவிருந்தின் அப்பமும் ரசமும் கிடையாது என்று கமிட்டி தள்ளிவைத்தது. அப்பா கேட்கவில்லை. ஞாயிறு தோறும் அம்மாவைக் கோயில் கேட் வரைக்கும் கொண்டுவந்து விடுவார். ஆராதனை முடிகிறவரை எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். தள்ளிவைக்கப்பட்டவர்களைப் புதைக்கிற இடமும் தனி. கல்லறைத் தோட்டத்தில் மதில் ஓரமாக, முள் மண்டிய வரிசை. அம்மா அந்தப் பக்கம் பார்க்கக்கூட மாட்டாள்.

"ஐயா இங்கயே வந்து குடுப்பாருப்பா" என்று பொன்மலர் சொல்லிப் பார்த்தாள். சாகக் கிடக்கிறவருக்குக் கமிட்டியைக் கேட்காமலே போதகர் கொடுக்கலாம், கொடுத்துவிட்டால் தள்ளிவைத்ததும் தீர்ந்தது.

"வேலூர்ல வாணாம். நம்ம வீட்ல குடுக்கட்டும். தெருவே பாக்கத்தானே தள்ளி வச்சாங்க? தெருவே பாக்கட்டும்."

மறுநாளே பேச்சு போய்விட்டது.

வண்டி வேலூரைத் தாண்டி பெங்களூர் ரோட்டில் ஏறியது. வலது பக்கம் பாலாறு, ஆறு என்று பெயர், முழுக்க மணல். அப்பாவின் மூச்சு தொண்டையில் கரகரத்துக்கொண்டு ஏறி இறங்கியது. அந்தச் சத்தம் கேட்கும்வரை பயமில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

நயீம் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துப் பேசிக்கொண்டு வந்தார். அவரும் அந்த டீக்கடை பெஞ்சுக்காரர்தான்.

"ஜெபராஜண்ணே, பள்ளிகொண்டா வந்துட்டோம். கொஞ்சம் பொறுத்துக்கோ. டீச்சரம்மா, உங்களுக்குத் தெரியுமா? பெஞ்சுல ஒக்காந்தே பாட்டு எல்லாம் மனப்பாடம் அவருக்கு. உள்ள பாட்டு ஆரம்பிச்சா இங்க மேஜைல தாளம் போடுவாரு. டீ கிளாஸ் எல்லாம் குதிக்கும். 'யோவ், உள்ள போய்த்தான் போடேன்யா'ன்னு கடைக்காரன் கத்துவான்."

"உள்ள போயிருந்தா இவ்ளோ பேஜார் இல்லியே பாய்."

"போவ மாட்டாரும்மா. அடிச்சது தப்புன்னு என்கிட்ட நூறு தடவ சொல்லியிருக்காரு. அங்க போய் ஒரு தடவ சொல்ல மாட்டாரு."

மாதனூருக்கு அப்புறம் சத்தம் நின்றது.

முதலில் வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று குனிந்தாள். மார்பைப் பார்த்தாள். வண்டி குலுங்கிய குலுங்கலில் அது அசைகிறதா, வண்டி அசைக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் விரல்தான் துடித்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவர் மூக்கருகே வைத்தாள். ஜன்னல் வழியாகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடியில் ஆவி படியவில்லை. கை சில்லிட்டிருந்தது. நகங்கள் நீலம் பாய்ந்திருந்தன. வழியிலேயே உயிர் போய்விடலாம் என்று டாக்டர் எச்சரித்தும் இருந்தார்.

போன வாரம் ஒன்பதாம் வகுப்பில் அவள் நடத்திய பாடம் அதுதான். 'இல்லை' என்பது பார்த்தவர்கள் சொல்வது. பார்க்காமல், கையில் இருக்கிற தடயத்தை வைத்து யோசித்துச் சொல்வதற்கு 'காண்ட் பி'. ஆளுக்கொரு உதாரணம் சொல்லச் சொன்னாள். பின் பெஞ்சு ஜஹீருன்னிசா எழுந்து, பாடப் புத்தகப் படத்தில் இருந்த பெண்ணைக் காட்டி, "ஷி காண்ட் பி அவர் டீச்சர்ஸ் சிஸ்டர். ஷி இஸ் ஸ்மைலிங்" என்றாள். சிரிக்கிறாளே, நம் டீச்சருக்குத் தங்கையாக இருக்க முடியாது. வகுப்பே சிரித்தது. பொன்மலர் சிரிக்காமல், "கரெக்ட். சிட் டவுன்" என்றாள். இலக்கணம் சரியாகத்தானே இருந்தது.

இப்போது ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தாள். சத்தம் இல்லை. நாடி இல்லை. ஆவி படியவில்லை. கை சில்லிட்டிருக்கிறது. உயிரோடு இருக்க முடியாது.

நயீமிடம் அவள் சொல்லவில்லை. அவர் பேசிக்கொண்டே வந்தார். "அண்ணே, வாசன வருதா? நம்ம ஊர் வந்துடுச்சு பாரு." தோல் ஊறும் வாடை ஜன்னலில் ஏறியது.

வீட்டு முன்னால் தெருவே கூடியிருந்தது. அம்மா தேவகிருபை முன்னறையில் ஸ்டூல் மேல் வெள்ளைத்துணி விரித்து வைத்திருந்தாள். போதகர் கிருபானந்தம் அங்கியோடு நின்றார். வெள்ளிக் கிண்ணமும் அப்பமும் வைக்கிற சின்னத் தகரப் பெட்டி அவர் கையில் திறந்தே இருந்தது. பக்கத்தில் ஞானமுத்து. கன்னத்தில் வாங்கிய ஞானமுத்துவேதான். பஞ்சாய் நரைத்துப்போயிருந்தார். வரமாட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். வந்திருந்தார்.

அப்பாவைத் தூக்கிவந்து கட்டிலில் கிடத்தினார்கள்.

"ஐயா, சீக்கிரம் குடுங்கய்யா" என்றாள் அம்மா.

போதகர் குனிந்து முகத்தைப் பார்த்தார். மணிக்கட்டைத் தொட்டார். வயதானவர், நாடி எங்கே என்று தேடினார். "எனக்கு ஒண்ணும் தெரியலியேம்மா" என்றார்.

"இருக்காரு ஐயா. எங்கம்மாவுக்கும் இப்டித்தான் மூச்சு நின்னு நின்னு வந்துச்சு. கொஞ்சம் இருந்து பாப்போம்" என்றாள் அம்மா.

போதகர் பொன்மலர் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. கூடவே வந்தவ நீ. படிச்சவ. உசுரோட இருக்கறவருக்குத்தான் இத நான் குடுக்கலாம். அப்பா இருக்காரா?"

தெரு பார்த்துக்கொண்டிருந்தது. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அம்மாவின் கண் அதைத்தான் கேட்டது. ஆனால் செத்த வாயில் அப்பத்தைத் திணித்து, அது கடைவாயில் வழிந்து, ஜனம் முணுமுணுத்து... கேட்டார்கள் என்பதற்காக ஒரு வார்த்தையைச் சொல்ல மறுத்து வருஷக்கணக்கில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனிதருக்கு, கடைசியில் ஒரு பொய்யோடா அது கிடைக்க வேண்டும்?

"இருக்க முடியாது ஐயா" என்றாள். "மாதனூர்கிட்டயே போய்ட்டாரு."

"அடிப்பாவி, கொஞ்சம் பொறேண்டி!" என்றாள் அம்மா.

"மூச்சு இல்லம்மா. நாடி இல்ல. நான் கண்ணாடி வச்சுக்கூடப் பாத்துட்டேன். எப்டிம்மா இருப்பாரு?"

போதகர் கிண்ணத்தை உள்ளே வைத்துப் பெட்டியை மூடினார். தலையில் கை வைத்து ஜெபம் செய்தார். "நான் போய் மணி அடிக்கச் சொல்றேன். அதுக்கு யாரும் தடை சொல்ல மாட்டாங்க. எடத்தப் பத்தி... கமிட்டியக் கேக்கணும்மா" என்றார். இடம் என்று அவர் சொன்னது எந்த வரிசை என்பதை. ஞானமுத்து அவர் பின்னால் போனார். ஆண்கள் வாசலுக்குப் போய்விட்டார்கள், பந்தல் யாரிடம் சொல்வது என்று பேச்சு ஆரம்பமாகிவிட்டது.

அம்மா ஈரத்துணியால் அப்பாவின் முகத்தைத் துடைத்தாள். அழவில்லை. மகளிடம் பேசவும் இல்லை. அப்பாவிடம்தான் பேசினாள். "தாடிய பாரு, முள்ளு முள்ளா. ஒரு நாள் ஷேவ் பண்ணலன்னாலும் திட்டுவேன்ல."

பொன்மலர் பீரோவிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்துவந்தாள். பனியனைக் கழற்றுவதற்காகக் குனிந்தாள்.

பனியன் மேலே எழும்பியது.

மெதுவாக, யாரோ உள்ளிருந்து தள்ளுகிறமாதிரி, மார்பு ஏறியது. தொண்டையில் அந்தக் கரகரப்பு. பிறகு இறங்கியது.

அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"ஓடு" என்றாள் அம்மா.

செருப்பில்லாமல் ஓடினாள் பொன்மலர். பொன்மலர் டீச்சர் ஓடி அந்தத் தெரு பார்த்ததில்லை. வாசலில் நின்ற ஆண்கள் வழிவிட்டார்கள். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று எவரோ சொன்னது காதில் விழுந்தது. டீக்கடை திருப்பத்துக்கு வந்தபோது மணி அடிக்க ஆரம்பித்தது. சாவு மணி. ஒரு அடி, நீண்ட இடைவெளி, இன்னொரு அடி.

கோயில் வாசலில் ஞானமுத்துதான் கயிற்றைப் பிடித்திருந்தார்.

"நிறுத்துங்க! அடிக்காதீங்க! இருக்காரு!"

அவர் கயிற்றை விட்டுவிட்டார். விட்ட பிறகும் மணி ஒரு தடவை அடித்தது. போதகர் அங்கியைக் கழற்றிக்கொண்டே உள்ளேயிருந்து வந்தார்.

"ஐயா, அப்பா இருக்காரு. பெட்டிய எடுத்துக்கிட்டு வாங்க."

"பொன்மலர், மொதல்ல ஒக்காரு. தண்ணி குடி. அப்டியெல்லாம் இருக்க முடியாதும்மா. நீதானே சொன்ன? நாடி இல்ல, மூச்சு இல்ல..."

"பாத்தேன் ஐயா."

"துக்கத்துல அப்டித் தோணும்மா."

"பாத்தேன்" என்றாள் மறுபடியும். வேறு எந்த வார்த்தையும் அவளுக்கு வரவில்லை.

போதகர் அவள் வெறுங்கால்களைப் பார்த்தார். உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துவந்தார்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு அவள் பின்னாலேயே வந்திருந்தார் நயீம். ஒரு வார்த்தை கேட்காமல் மூவரையும் ஏற்றிக்கொண்டார். ஹார்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை. வழியில் மேய்ந்துகொண்டு போன ஆடுகள்கூடச் சிதறி ஓடின. போதகர் மடியில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டார், இறங்கியதும் நேரம் வீணாகக்கூடாதென்று.

உள்ளே போனபோது அம்மா அப்பாவின் தாடையைச் சுற்றி வெள்ளைத்துணியைக் கட்டிக்கொண்டிருந்தாள். உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். நிதானமாகப் போட்டாள்.

போதகர் வாசற்படியிலேயே நின்றார்.

"நீ போன பின்னால ரெண்டு தடவ மூச்சு வுட்டாரு" என்றாள் அம்மா, முடிச்சைப் பார்த்தபடியே. "மணி அடிச்சுதே, அப்ப கண்ணத் தொறந்தாரு. யாருக்கு அடிக்குதுன்னு கேட்டாரோ இன்னாவோ. அப்டியே என்னப் பாத்தாரு. அதோட சரி."

மணி அவருக்குக் கேட்டிருக்க முடியாது. பல நாளாகவே அவருக்கு எதுவும் கேட்கவில்லை, டாக்டர்கள் சோதித்துச் சொன்னார்கள். பொன்மலருக்கு அந்த வாக்கியம் முழுசாக, தப்பில்லாமல், இங்கிலீஷிலேயே நாக்கு நுனிக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

"நான் இன்னும் கொஞ்ச நேரம் ஒக்காந்திருக்கணும்" என்றார் போதகர். "தப்பு என்னோடதும்மா."

ஞானமுத்து கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றார். "அடி வாங்கினவன் நான்" என்றார். "நான் சொன்னா கமிட்டி கேட்டுத்தான் ஆவணும். மதில் ஓரம் வாணாம். எங்கப்பா பக்கத்துல எடம் இருக்குது." சொன்னதையே இன்னொரு தடவை சொன்னார்.

தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஷிப்ட் முடிந்த ஷாப் ஆட்கள் கை கால் கழுவியும் போகாத வாடையோடு வரிசையாக வந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் யூனிபார்மோடு வந்து, கட்டிலோரம் உட்கார்ந்திருந்த டீச்சரைப் பார்த்து, என்ன செய்வதென்று தெரியாமல் கும்பலாக நின்றார்கள். பொன்மலர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்ட அப்பாவின் மார்பின் மேல் வலது கையை விரித்து வைத்திருந்தாள். காபி கொண்டுவந்து கொடுத்தபோது இடது கையால் வாங்கிக் கீழே வைத்தாள்.

பொழுது சாயும்போது சவப்பெட்டி வந்தது. நயீமும் இன்னும் மூன்று பேரும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் வந்து குனிந்தார்கள்.

"டீச்சரம்மா, கைய எடுங்க. தூக்கணும்."

அவள் எடுக்கவில்லை. ஒருவர் மெதுவாக அவள் தோளைத் தொட்டார். "ரொம்ப நேரம் ஆச்சும்மா. இனிமே ஒண்ணும் இல்ல. எடும்மா."

"வுடுங்க" என்றாள் அம்மா, சுவரோரமிருந்து. "அவ நல்லாப் பாத்துக்கட்டும்."

நால்வரும் நிமிர்ந்து கொஞ்சம் பின்னால் நகர்ந்தார்கள். சவப்பெட்டியின் மூடியைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு ஆசாரி வாசலில் பீடி பற்றவைத்தார்.

மார்பின் மேல் அவள் கை இருந்தது. அது ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.