இரண்டு படங்களுக்கு ஒரு பலகை

சீவரத்தினத்துக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து பங்சாரிலுள்ள தனியார் மருத்துவமனைக்கு நாள்தோறும் நடந்தே வருவார். பென்சிலை இருமுனையும் சீவி வைத்திருப்பார். தேநீருக்குச் சர்க்கரையைக்கூடக் கரண்டியின் விளிம்போடு சமமாக வழித்த பிறகே போடுவார். "நம்ம சார் அளந்துதான் தும்முவாரு" என்று தாதி சீதாலெட்சுமி கேலி செய்வாள்.

1991ஆம் ஆண்டில் அம்மருத்துவமனையில் இரண்டு பெரிய கருவிகள் இருந்தன. மேல்மாடியில் காமா கேமரா: ஊசிவழியே செலுத்திய கதிர்மருந்து உடம்பில் எங்கே திரண்டு நிற்கிறது என்று காட்டும், அவ்விடம் எந்த எலும்புக்கு அடியில் என்று சொல்லாது. கீழ்மாடியில் எக்ஸ்ரே ஸ்கேன்: எலும்பையும் சதையையும் அடுக்கடுக்காகக் காட்டும், அவற்றுள் நோயுற்றது எது என்று சொல்லாது. இரண்டு படங்களையும் ஒளிப்பலகையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பொருத்துவது சீவரத்தினத்தின் வேலை.

மேரு என்ற ஊரில் லோரி ஓட்டிக்கொண்டிருந்த அய்யாவுவை ஐந்து பேர் சேர்ந்து இரும்புக் குழாயால் அடித்துப் போட்டிருந்தனர். தோள் நொறுங்கிற்று, இடப்பக்க விலாக்கள் முறிந்தன. விலாவுக்கு அடியில் இரண்டு கட்டிகள். ஒன்று உறைந்த இரத்தம்; மற்றொன்று சீழ். சீவரத்தினம் விலாவின்மேல் மையால் புள்ளியிட்டு, அதில் ஒட்டிய, இரு கருவிகளுக்கும் தெரியும் குறியைக் கொண்டே இரு படங்களையும் பொருத்திச் சீழ் இருக்குமிடத்தைக் காட்டினார். மருத்துவர் அங்கே கிழித்தார். வந்தது பழைய இரத்தம். மறுநாள் காய்ச்சல் ஏறி அய்யாவு நினைவிழந்தான்.

அன்று காலை பத்து மணிக்கு அவன் தம்பி பாலன் பாராங் கத்தியோடு படஅறைக்குள் புகுந்தான். முதல் வெட்டு ஒளிப்பலகையில் விழுந்தது. கண்ணாடி வெடித்துச் சிதறிற்று. இரண்டாம் வெட்டைச் சீவரத்தினம் இடது முன்கையால் தடுத்தார். சதை பிளந்தது.

"எங்கண்ணன இடம் மாத்திக் கிழிச்சிட்டீங்களேடா! படம் புடிச்சவன் நீதான?"

"அண்ணே, விடுங்கண்ணே! வயசானவரு லா!" என்று குறுக்கே விழுந்த சீதாலெட்சுமியை அவன் தள்ளிய தள்ளலில் அவள் நெற்றி அலமாரியில் மோதிப் புடைத்தது. ஓடிவந்த மருத்துவமனைக் காவலர் இருவர் பாலனைத் தரையில் வீழ்த்திக் குண்டாந்தடியால் அடித்தனர். ஒருவனுடைய சப்பாத்துக் கால் அவன் வாயில் விழ, பல்லொன்று கண்ணாடித் துண்டுகளோடு உருண்டது.

துறைத்தலைவரும் சீவரத்தினத்தின் ஊர்க்காரருமான மருத்துவர் கனகலிங்கம் வாசலில் வந்து நின்றார். "சீவரத்தினம், பொலிசுக்குச் சொல்லியாச்சு. மிசின் பழுது எண்டு எழுதும். வேற ஒண்டும் கதைக்க வேண்டாம்."

சீதாலெட்சுமி தன் கையில் துண்டைச் சுற்றிக் கட்டிவிடும்போது, சீவரத்தினம் கீழே கிடந்த படங்களையே பார்த்தார். காமா படத்தில் உடம்பின் ஓரமாகக் கையின் நிழல் தெரிந்தது. எக்ஸ்ரே படத்தில் கையே இல்லை. மேல்மாடியில், நொறுங்கிய தோளோடு நாற்பது நிமிடம் கையைத் தூக்கி வைத்திருக்க அய்யாவுவால் இயலாது என்று இரங்கி, கீழே வைக்கவிட்டவர் அவரே. கீழ்மாடியிலோ மயக்கமருந்து கொடுத்து, வழக்கப்படி கைகளைத் தலைக்குமேல் கட்டிவிட்டார்கள். கை உயர்ந்தபோது தோல் இழுபட்டு, மைப்புள்ளி இரண்டு விரற்கடை மேலேறிவிட்டது. அளப்பதில் தவறாதவர், தோல் நகரும் என்பதை மறந்திருந்தார்.

பழுதென்று எழுதிவிட்டால் அந்தக் கருவியில் மறுபடி படமெடுக்க விடமாட்டார்கள். நாளைக்குள் கதிர்மருந்தும் மங்கிவிடும். அய்யாவு சார்பில் சம்மதக் கையொப்பமிட வேறு உறவும் இல்லை, பாலன் மட்டுமே.

"மிசின் பழுதில்லை ஐயா. பிழை என்ர."

"உமக்கென்ன விசரே, பைத்தியமே?"

சீவரத்தினம் சொன்னதைக் கேட்ட பாலன் காவலரை உதறி எழுந்து, தலையால் அவர் முகத்தில் இடித்தான். மூக்கு முறிந்து இரத்தம் கொட்டிற்று. தடிகள் மீண்டும் உயர்ந்தன.

"அடிக்காதீங்க!" என்று கத்திய சீவரத்தினம், பாலனுக்கெதிரே தரையில் அமர்ந்தார். "தப்பான இடத்த நான்தான் காட்டுனேன், தம்பி. சீழ் இன்னும் உள்ளதான் இருக்கு. திரும்பப் படம் எடுக்கணும்."

"திரும்பக் கிழிக்கவா? எங்கண்ணன் என்ன பாசார்ல வெட்டி விக்கிற மீனா?"

"ஒரே பலகையில படுக்க வச்சுக் கட்டிருவேன். கை கீழயே இருக்கும். மேல ஒரு படம். அப்படியே பலகையோட தூக்கிட்டுப் போயிக் கீழ ஒரு படம். நடுவுல அவர யாரும் அசைக்க மாட்டாங்க."

"அதுவும் தப்பாப் போச்சுன்னா?"

"நான் எங்க இருப்பேன்னுதான் உனக்குத் தெரியுமே."

பாலன் இரத்தத்தைத் துப்பிவிட்டு, "எங்க கையெழுத்துப் போடணும்?" என்றான்.

படிக்கட்டில் பொலிசாரின் காலடி கேட்டது. கனகலிங்கம் பல்லைக் கடித்தார். "உம்மட வேலை போகும், தெரியுமே?"

"தெரியும் ஐயா. பிழையை என்ர பேரில எழுதுங்கோ. இவன்மேல எனக்குப் புகார் இல்லை. நான் அய்யாவுவுக்குத் திரும்பப் படம் எடுக்கப் போறன்."