மூன்று நாள் முந்தியவள்

பாலிகிளினிக் கவுண்டரில் உட்கார்ந்து நாளைக்கு இருநூறு பேரிடம் பிறந்த தேதி கேட்பவள் மங்களம். ஊரார் தேதியெல்லாம் அவளுக்கு வெறும் எண். மகள் ரக்ஷனாவின் தேதி மட்டும் இருபத்தொரு வருஷமாகத் தொண்டையில் முள்ளாக நின்றது. 2004, மே 12.

அது மே 15 ஆக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு அப்பா வழியாக மட்டும் சிங்கப்பூர்க் குடியுரிமை என்றிருந்த அரசியலமைப்பைத் திருத்தி, அம்மா வழியாகவும் உண்டு என்று ஆக்கினார்கள். திருத்தம் நடப்புக்கு வந்தது அந்த மே 15. அன்று முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குத்தான் அந்த உரிமை. மங்களம் சிங்கப்பூரில் தேக்கா பக்கம் பிறந்து வளர்ந்தவள். திருச்சிக்காரரைக் கட்டிக்கொண்டு அங்கே போய் இரண்டு பெற்றாள். 2007இல் பிறந்த ரித்திக் குடிமகன். தேசிய சேவைக்கு அவனுக்கு அழைப்பே வந்துவிட்டது. அவன் அக்கா வெளிநாட்டுக்காரி. அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர், அதே வயிறு! இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

கணவர் சாலை விபத்தில் போனபிறகு, ஆறு வயதுப் பெண்ணையும் மூன்று வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டு சிங்கப்பூருக்கே திரும்பி, செங்காங்கில் குடியேறியவள், ரக்ஷனாவுக்கு நிரந்தரவாசம் கேட்டு மூன்று முறை விண்ணப்பித்தாள். மூன்று முறையும் ‘வருந்துகிறோம்’ என்று ஒரு பக்கக் கடிதம். காரணம் எழுத மாட்டார்கள். இந்த மே 12 வந்தால் ரக்ஷனாவுக்கு இருபத்தொன்று நிறைகிறது. அதன்பின் அம்மாவின் பிள்ளை என்று சொல்லி விண்ணப்பிக்க முடியாது. அப்படிச் சொல்லி இங்கே தங்க வாங்கிய பாஸும் அன்றோடு சரி. டிப்ளோமா முடித்த பெண்ணை வேலைக்குக் கூப்பிட்ட இரண்டு கம்பெனிகளும், வொர்க் பாஸ் எடுக்கணும் என்றதும் கையை விரித்துவிட்டன.

கடைசி முயற்சியாக, மார்ச்சில் ஒரு மாலை, தொகுதி எம்.பி.யைப் பார்க்க அம்மாவும் மகளும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக்குப் போனார்கள். மனு எழுதித்தரத் தொண்டூழியர்கள் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார்கள். இவர்களுக்கு வாய்த்தவன் உமைர் என்ற இளைஞன். நல்ல பிள்ளை, தமிழிலேயே பேசினான்.

“மூணே மூணு நாள் லா! டாக்டர் குடுத்த டியூ டேட் என்ன ஆன்ட்டி?”

“மே இருபத்தி நாலு,” என்று ரக்ஷனா முந்திக்கொண்டாள். “எமர்ஜென்சியாகி முன்னாடியே பொறந்துட்டேன். அம்மா எப்பவும் சொல்வாங்க.”

“அதான் நம்ம பாயிண்ட். ஹாஸ்பிட்டல் பேப்பர் இருந்தா இன்னும் ஸ்ட்ராங்கா எழுதலாம். இருக்கா ஆன்ட்டி?”

இருந்தது. இத்தனை வருஷம் எந்த விண்ணப்பத்தோடும் வைக்காமல், ஃபைலின் அடியில் ரக்ஷனாவின் ஜாதகத்தோடு சேர்த்து மடித்து வைத்திருந்த தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் இது மகளின் கடைசி வாய்ப்பாயிற்றே! மே 24 என்று அதில் இருக்கிறது. அதைப் பார்த்தால் போதாதா? மற்றதெல்லாம் டாக்டர் கிறுக்கல், யாருக்குப் புரியப்போகிறது? மங்களம் துணிந்து எடுத்து நீட்டினாள்.

டாக்டர் கிறுக்கல் உமைருக்கு நன்றாகவே புரிந்தது. படிக்கப் படிக்க அவன் குரல் இறங்கியது.

“ஆன்ட்டி, இதுல எமர்ஜென்சி இல்லன்னு போட்டிருக்கே. பேபி திரும்பல, அதனால சிசேரியன். இருபதாம் தேதி வரைக்கும் வெயிட் பண்ணலாம், ஆனா அம்மா கேட்டுக்கிட்டதால பன்னண்டாம் தேதின்னு...”

ரக்ஷனா தாளை வாங்கிப் பார்த்தாள். கூடவே மடிந்திருந்த ஜாதகத்தையும் பார்த்தாள்.

“நாள் பாத்தீங்களா மா?”

“அவிட்டம்டி. பொண்ணாப் பொறந்தா அவிட்டத்துல பொறக்கணும், ஓஹோன்னு இருக்கும்னு ஜோசியர் சொன்னாரு. புதன்கிழமை, ஒம்பதே காலுக்கு மேல...” சொல்லச் சொல்ல மங்களத்துக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

“சட்டம் மாறப்போகுதுன்னு அப்ப உங்களுக்குத் தெரியாதுல்ல?”

பாவம், தப்பித்துக்கொள்ள வழியையும் மகளே எடுத்துக்கொடுத்தாள். மங்களத்தால் அதைப் பிடித்துக்கொள்ள முடியவில்லை.

“தெரியும்,” என்றாள்.

கல்யாணத்துக்கு முன் ஃபேரர் பார்க்கில் பக்கத்து வீட்டுக்காரியாக இருந்த ஃபர்சானா, அந்த வருஷம் ஏப்ரலிலேயே சிங்கப்பூரிலிருந்து ஃபோன் போட்டுச் சொன்னாள். “இனிமே அம்மா வழியாவும் சிட்டிசன் குடுக்கப்போறாங்களாம். தேதி சொல்ற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்க மங்களம்.” மங்களம் சிரித்தாள். “எம் புள்ள திருச்சில மகாராணியா இருக்கப்போவுது. அதுக்கு எதுக்குடி சிங்கப்பூரு?” என்றாள். பாவி, அப்படித்தான் சொன்னாள். தாலி கட்டியவர் அடுத்த ஆறே வருஷத்தில் போய்ச் சேருவார் என்று எந்த ஜோசியன் சொன்னான்?

உமைர் எமர்ஜென்சி என்று அடித்திருந்த வரியை அழித்துவிட்டு, மிச்சத்தை எழுதிக் கொடுத்தான். ரக்ஷனா அவனுக்கு நன்றி சொன்னாள். அம்மாவைப் பார்த்துக் கத்தியிருக்கலாம், ஃபைலைத் தூக்கி வீசியிருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் எல்லாருக்கும் சோறு போட்டு வைத்தாள்.

ஏப்ரல் கடைசியில் பதில் வந்தது. அதே ஒரு பக்கம், அதே ‘வருந்துகிறோம்’. இனி ரக்ஷனாவுக்குத் திருச்சியில் அத்தை வீடுதான். அம்மாவைப் பார்க்க வேண்டுமென்றால் சுற்றுப்பயணியாக வந்து, கொடுத்த நாள் முடிந்ததும் கிளம்ப வேண்டும்.

கடிதத்தை மடித்து வைத்த ரக்ஷனா ஃபோனை எடுத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ரெண்டு ஃப்ளைட் இருக்கு மா. எட்டாம் தேதி வியாழன் காலைல ஒண்ணு. பதினொண்ணு ஞாயிறு சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒண்ணு. எதுல போகட்டும், சொல்லுங்க. நாள் பாக்க உங்களுக்குத்தான் தெரியும்.”

குத்திக்காட்டியிருந்தால் மங்களம் தாங்கியிருப்பாள். பெண் நிஜமாகவே கேட்டாள்.

சுவரில் நாள்காட்டி தொங்கியது. மங்களத்துக்கு அதைப் பார்க்கவே தேவையில்லை. வியாழன் காலை குறை சொல்ல முடியாத நேரம். ஞாயிறு ஐந்து மணி என்றால் ராகு காலம், போதாததற்கு மேற்கே சூலம்.

“ஞாயித்துக்கெழம போ,” என்றாள்.

ரக்ஷனா எழுந்துபோய் நாள்காட்டித் தாளைத் தூக்கிப் பார்த்தாள். “அஞ்சு மணி ராகு காலம்னு போட்டிருக்கே மா.”

“இருக்கட்டும்டி. மூணு நாள் கூட இருப்ப.”