நியூசிலாந்தில் போட்ட துண்டு

நியூசிலாந்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கும் வாடகை வீட்டுக்குள் யார் கால் வைத்தாலும், வெள்ளைக்காரரோ சீனரோ, "ஆள் வருது" என்று சுத்தமான மதுரைத் தமிழில் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். அந்த வீட்டுக் கூடத்தில் திருமங்கலம் சிமெண்ட் கடை உக்கிரபாண்டியின் துண்டு கிடந்ததுதான் காரணம். செய்தி திருமங்கலத்துக்கு வந்த வாரம் சின்ன வெங்காயம் கிலோ நூறைத் தொட்டிருந்ததால் ஊர் வெங்காயத்தைப் பற்றித்தான் அதிகம் பேசியது. இரண்டைப் பற்றியும் பேசாமல் இருந்தவர் காசிமாயன் ஒருவர்தான்.

காசிமாயன், உக்கிரபாண்டிக்குப் பெரியப்பா மகன். சில மாதம் மூத்தவர். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே மதில். மூத்தவர் என்ற முறையில் குலசாமி கோயிலில் முதல் திருநீறு காசிமாயனுக்கு. போர்வெல் தண்ணீர், கார், ஏசி, சர்க்கரை வியாதி உட்பட மற்றதெல்லாம் முதலில் உக்கிரபாண்டிக்கே வாய்த்தது. குடும்பத்தோடு குடியேறும் முன்பு நாட்டை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வர உக்கிரபாண்டி கிளம்பியபோது தெருமுக்கில் ஃபிளெக்ஸ் கட்டினார்கள். 'நியூசிலாந்தைப் பார்வையிடச் செல்லும் எங்கள் குலவிளக்கே' என்று கொட்டை எழுத்து. கோட்டுப் போட்ட உக்கிரபாண்டி செம்மறி மந்தை நடுவே கைகூப்பி நின்றார். அடியில் வாழ்த்துவோர் வரிசையில், கேட்காமலே காசிமாயன் முகத்தைத் தபால்தலை அளவில் ஒட்டியிருந்தார்கள், அதுவும் ரேஷன் கார்டில் இருந்த படம். அன்று காசிமாயனுக்குக் கிளம்பிய வயிற்றெரிச்சலில் மதில் கொதித்தது. மறுபக்கம் உக்கிரபாண்டியின் மனைவி ஜெயக்கொடி அதன்மேல் துணி விரித்து வடகம் பிழிந்தாள். மார்கழியிலும் மதியத்துக்குள் காய்ந்தது.

போன இடத்தில் உக்கிரபாண்டி சம்பந்தம் பேசப் போனவர் போலத்தான் நடந்துகொண்டார். தண்ணீரைக் குடித்துப் பார்த்தார், மண்ணை நுணுக்கி முகர்ந்தார், கறிவேப்பிலை பிழைக்குமா என்று பெட்ரோல் பங்கில் விசாரித்தார். வீடு பிடித்துப்போயிற்று. ஆனால் முன்னால் பலர் கேட்டிருப்பதாக வீடு காட்டிய ஏஜெண்ட் அம்மாள் சொன்னாள். ஆயுசெல்லாம் பெரியார் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறியவருக்கு அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, திறந்திருந்த சன்னல் வழியே உள்ளே போட்டுவிட்டு ஊர் திரும்பினார். துண்டு போட்ட இடத்தில் அடுத்தவர் உட்காரக்கூடாது என்ற நியாயம் கடல் தாண்டியும் செல்லும் என்பது அப்படித்தான் தெரியவந்தது.

சாக்லேட் கொடுக்க வந்தபோது அவர் காசிமாயனிடம் சொன்னார்: "நாங்க செட்டில் ஆனதும் கூப்புடுறேன், ஒருக்க வந்துட்டுப் போங்கண்ணே. ஹால்ல படுத்துக்கிடலாம்."

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருந்த காசிமாயனால் அந்த ஹாலைப் பொறுக்க முடியவில்லை. இந்த ஒன்றிலாவது தம்பியை முந்தாவிட்டால் மூத்தவனாகப் பிறந்ததற்கு அர்த்தமில்லை என்று தோன்றிவிட்டது. சுற்றுலா விசா வாங்கினார். திருச்செந்தூருக்குப் போவதாக மனைவி முனீஸ்வரியிடம் சொல்லிவிட்டு, சரிகைக் கரை போட்ட பெரிய துண்டோடு விமானம் ஏறினார். மதில் ஆறிப்போய், ஜெயக்கொடி வடகத்தை மொட்டைமாடிக்குத் தூக்கிப் போக வேண்டியதாயிற்று.

அந்த வீட்டுக்குள் நுழைந்து வெளியேறாமல் நின்ற முதல் ஆள் காசிமாயன்தான். பங்காளிக்குப் பாதை உண்டு போலும். அவர் தம்பியின் துண்டைச் சுருட்டிச் சன்னலுக்கு வெளியே எறிந்தார், தன்னுடையதை விரித்தார், அதன்மேல் உட்கார்ந்தார். ஏஜெண்ட் அம்மாள் பேனாவோடு வாசலில் நின்று பெயர் கேட்டாள். தன் பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"ஆள் வருது. தம்பி குடும்பத்தோட வாரான்" என்றது வாய்.

எறிந்த துண்டின் வேலை எடுத்தவர் தலையில் விழுந்துவிட்டது. தாகம், பசி, வெயில் பற்றியெல்லாம் அவரால் பேச முடிந்தது. வீட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும் அந்தப் பதில்தான் வந்தது. விசா முடிந்து அதிகாரிகள் வந்தார்கள். கால் வைத்தார்கள், அவர்களும் "ஆள் வருது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஏஜெண்ட் அம்மாள் வாசலில் ரொட்டியும் சூப்பும் வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தாள். உக்கிரபாண்டியோ போனில், மகள் ப்ளஸ் டூ முடிக்கட்டும் என்றார், பிறகு சித்திரைத் திருவிழா கழியட்டும் என்றார், பிறகு கடையை நம்பி விட ஆளில்லை என்றார். இடம்தான் பத்திரமாக இருக்கிறதே, என்ன அவசரம்? பேச்சை முடிக்கும்போது ஒவ்வொரு தடவையும், "உக்காந்திருங்கண்ணே, வாரேன்" என்றார். அப்படியே வருடங்கள் ஓடின.

முனீஸ்வரி ஒருநாள் வீடியோ காலில் கேட்டுவிட்டாள். "கையுங் காலும் நல்லாத்தான இருக்கு? எந்திரிச்சு வந்துர வேண்டியதுதான?"

காசிமாயன் உட்கார்ந்தபடியே காலை நன்றாக நீட்டி மடக்கி, துண்டின் சுருக்கத்தை நீவினார். பின்னால் சன்னலில் பச்சை மலை தெரிந்தது. எழுந்து நடக்க அவருக்கு எந்தத் தடையும் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கும் விளங்கியது.

"நான் எந்திரிச்சா அவன் வந்து உக்காந்துருவான்ல" என்றார்.

முனீஸ்வரி போனை வைத்துவிட்டாள். அடுத்த முகூர்த்தத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், உசிலம்பட்டிப் பக்கத்துச் சொந்தக்காரி ஒருத்தி, வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று விசாரித்தாள். "உக்காந்திருக்காக" என்றாள் முனீஸ்வரி. எங்கே என்று கேட்டதற்கு, நியூசிலாந்தில் என்றாள். வயிற்றெரிச்சலில் சொந்தக்காரியின் முகம் வாடிச் சுருங்கியது. அன்றைக்கு முனீஸ்வரி பாயசம் இரண்டு தடவை வாங்கிக் குடித்தாள்.