ரேடியேட்டரில் மஞ்சள்

சவூதியில், தம்மாமில் உட்கார்ந்துகொண்டு மேலப்பாளையத்தில் கார் வாங்கினால் யாரையாவது நம்பித்தானே ஆக வேண்டும்? முஆத் நம்பியது வேற்று ஆளையா? விற்றது அவன் மனைவி தஸ்மியாவின் கூடப்பிறந்த அண்ணன் அலி அஸ்கர். "ரேடியேட்டர் புதுசு மச்சான், கண்ண மூடிட்டு வாங்கும்வே" என்று அவன் வீடியோ காலில் சொன்னபோது, தஸ்மியாவும் பக்கத்தில் நின்று தலையாட்டினாள். முஆத்தின் உம்மா ஹமீது பீவிக்கு மூச்சு முட்டினால் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஓட ஒரு வண்டி வேண்டும். அதற்காகவே தஸ்மியா கார் ஓட்டப் படித்திருந்தாள்.

லீவில் வந்தவன், திரும்பிப் போகுமுன் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்டை நாமே மாற்றிவிடுவோம் என்று இறங்கினான். இதென்ன பெரிய வித்தையா? எஞ்சின் நன்றாக ஆறும்வரை பொறுத்திருந்து, மூடியைத் திறந்து, அடியில் பழைய தொட்டியை வைத்து, ரேடியேட்டரின் கீழ்த் திருகைப் பையத் தளர்த்தினான்.

பச்சையாக வரவேண்டியது மஞ்சளாக வந்தது, குழம்பு மாதிரி கட்டிகட்டியாக. குனிந்து மோந்தான். அட பாவி மனுசா! மஞ்சள் பொடி. ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள் பொடியைக் கொட்டினால் ஓட்டை கொஞ்ச நாளைக்கு அடைபடும். நடுவழியில் மாட்டிக்கொண்ட டிரைவர் செய்கிற காரியம். அதை விற்கிறவன் செய்வானா, அதுவும் தங்கச்சி மாப்பிள்ளைக்கு?

டீயோடு வந்த தஸ்மியா தொட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அத எதுக்குத் தொறந்தீய?"

இது என்ன என்று அவள் கேட்கவே இல்லை.

"அப்ப ஒனக்குத் தெரியும்?"

அவள் தலை குனிந்தாள். "விக்கிறதுக்கு முந்தி அஸ்கர் காக்கா பொடி கேட்டாவ. நான்தான் அடுக்களையில இருந்து எடுத்துக் குடுத்தேன். ஓட்ட அடஞ்சிட்டுன்னாவ. அவியகிட்ட ஒண்ணும் கேட்டுராதீய, சங்கடப்படுவாவ."

அஸ்கர் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. அவன் ஏமாற்றியதையாவது தாங்கிக்கொள்ளலாம். இவளுமா?

முஆத் தண்ணீர்க் குழாயைச் சொருகி, தெளிவாக வரும்வரை அலசினான். திருகை இறுக்கிப் புதுக் கூலண்டை ஊற்றினான். மஞ்சள் அடைத்திருந்த இடத்தில் பச்சை கசிந்து தரையில் சொட்டியது. அது நிற்கவில்லை.

உள்ளேயிருந்து உம்மாவின் இருமல் கேட்டது. "ஏலே, வண்டி சரியாயிட்டா?"

முஆத் தஸ்மியாவைப் பார்த்தான். "நீதான ஓட்டியிருப்ப? உம்மாவ ஏத்திட்டுப் போவும்போது ரோட்டுல வண்டி நின்னா, அங்கன யாரு சங்கடப்படுவா?"

அவள் டீயை நீட்டினாள். அந்தக் கையிலிருந்து அதை வாங்க அவனுக்கு மனம் வரவில்லை.