இருபத்தாறு டிகிரி

குவைத்தில் உட்கார்ந்துகொண்டு செலியமேட்டு வீட்டு ஏசியைக் கூட்டிக் குறைக்கலாம் என்று புருஷன் சொன்னபோது விஜயராணி நம்பவில்லை. போன லீவில் வந்த ஆரோக்கிய பிரகாஷ், ஏசியை மாட்டி அதைத் தன் போனோடும் சேர்த்துவிட்டுப் போனான். கிளம்பும் அன்றைக்குக்கூட அவன் சொன்ன புத்திமதியெல்லாம் ஏசியைப் பற்றித்தான். இருபத்தாறுக்குக் கீழே இறக்காதே, கூடவே ஃபேனை மெதுவாக ஓடவிடு, மேற்கு ஜன்னலுக்குத் திரை போடு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவு. பெண்டாட்டி தனியாக எப்படி இருப்பாள் என்பதற்கு ஒரு வார்த்தை கிடையாது.

சொன்னதையெல்லாம் செய்தாள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு அவளுக்கு வேறென்ன வேலை? குவைத்தில் வெள்ளிக்கிழமைதான் லீவும் சர்ச்சில் பூசையும். அன்றைக்குப் பேசுவான், கரண்ட் பில் எவ்வளவு என்று கேட்பான், வைத்துவிடுவான். மற்ற ஆறு நாளும் போன் சும்மா கிடக்கும்.

கத்திரி வெயிலில் ஒரு மத்தியானம் தாங்க முடியாமல் பதினெட்டில் வைத்தாள். ஐந்தாவது நிமிஷம் போன் அடித்தது.

"இன்னா ராணி, பதினெட்டுல வச்சிகினு இருக்க? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

உடம்பைப் பற்றி அவன் கேட்டு எத்தனை வருஷமாயிற்று! அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்றுமில்லை, கை தவறிப் பட்டுவிட்டது என்றாள்.

அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாளாவது அந்தக் கை தவறியது. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போனுக்குக் காத்திருப்பாள். திட்டுத்தான் விழும். விழட்டுமே, நடுவில் சாப்பிட்டியா என்றும் ஒரு கேள்வி வருமே.

ஜூன் பிறந்ததும் அந்தத் திட்டுப் போன் நின்றுபோனது, வெள்ளிக்கிழமைப் போன் மட்டும்தான் வந்தது. பதினெட்டில் வைத்தால் ஏசி 'கீச்' என்று ஒரு சத்தம் கொடுத்து இருபத்தாறுக்கு ஏறிவிடும். வேலை மும்முரத்தில் பேச நேரமில்லாமல் அங்கிருந்தே ஏற்றிவிடுகிறான் என்று நினைத்தாள். அதுவும் பிடித்துத்தான் இருந்தது. மறுபடி பதினெட்டு வைப்பாள். மறுபடி கீச். கல்யாணமான புதிதில் அவள் ஃபேனைக் கூட்ட, அவன் குறைக்க, இரண்டு பேரும் மல்லுக்கு நின்று சிரித்தது ஞாபகம் வரும். சில நாள் பத்துத் தடவைகூட ஆகும்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பிரகாஷ் பேசினான். பில் குறைந்திருக்கிறது என்றதும் அவனுக்கு ஒரே சந்தோஷம். நாள் பூரா இப்படி ஏற்றி விளையாடுகிறீர்களே, வேலை கெடவில்லையா என்று வெட்கத்தோடு கேட்டாள்.

"நான் எங்க ஏத்துறேன்? மாசம் பொறந்தப்பவே செட் பண்ணி வுட்டுட்டேன். நீ எறக்கினா அதுவே ஏத்திக்கும். நான் பாக்கக்கூட வாணாம்."

"நல்லதாப் போச்சுங்க."

போனை வைத்த பிறகு அவமானமாக இருந்தது. ஒரு மாதமாக மெஷினோடா கொஞ்சிக்கொண்டிருந்தோம்? அழுகை வந்தது, அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு ரிமோட்டை எடுத்துப் பதினெட்டில் வைத்தாள்.

கீச் என்றது. விஜயராணி ரிமோட்டைக் கீழே வைக்காமல் இன்னொரு தடவை அழுத்தினாள்.